குளத்து மீன் யாருக்குச் சொந்தம்?

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

மீனவர் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகரின் மனத்தில் கடலும் கட்டுமரமும்தான் எழுகின்றன. நமது ஏடுகளும் கடல் மீனவரைப் பற்றியே மிகுதியாக எழுதி வந்துள்ளன. அது தவறன்று. ஆயினும் 2022-23ஆம் ஆண்டில் இந்தியாவில் கிடைத்த ஏறத்தாழ 175 லட்சம் டன் மீனில் 131 லட்சம் டன் உள்நாட்டு நீர்நிலைகளில் விளைந்தது. நான்கில் மூன்று பங்கு ஆற்றிலும் ஏரியிலும் குளத்திலும் குட்டையிலும் பிறக்கிறது. அந்த நீர்நிலைகளின் கரையில் நிற்கும் உழைப்பாளியைப் பற்றி இயக்கத்துக்குள் நடந்துள்ள பேச்சு மிகக் குறைவு.

எனவே இன்றைய உரை ஒரு சிறு குளத்தைப் பற்றியது. அக்குளம் மேற்கு வங்கத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம். காரணம் உண்டு. 2023இல் வெளியிடப்பட்ட நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 24.24 லட்சம் நீர்நிலைகளைப் பதிவு செய்தது. அவற்றுள் 7.47 லட்சம் மேற்கு வங்கத்தில் உள்ளன. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 3.55 லட்சம். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பாதிக்கு மேற்பட்ட நீர்நிலைகள் தனியாருடையவை. பெரும்பாலானவை அரை ஹெக்டேருக்கும் குறைந்த பரப்புடையவை. ஆகவே சிறு குளம் என்பது சிறு செய்தி அன்று.

வீடும் குளமும்

வங்கத்தின் கழிமுகச் சமவெளியில் குளம் தோன்றும் முறையே தனித்தன்மை உடையது. ஆண்டுதோறும் வெள்ளம் சூழும் தாழ்நிலத்தில் குடிசை போட வேண்டுமெனில் முதலில் தரையை உயர்த்த வேண்டும். அதற்கான மண்ணை அருகிலேயே தோண்டி எடுக்கிறார்கள். மண் மேடாகி வீட்டைத் தாங்குகிறது. தோண்டிய பள்ளம் குளமாகி மழைநீரைத் தாங்குகிறது. ஒரே உழைப்பு ஒரே நாளில் இரண்டையும் பெற்றெடுக்கிறது. குளிப்பது, துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, வாத்து வளர்ப்பது, மீன் பிடிப்பது எல்லாம் அந்நீரிலேயே நடைபெறுகின்றன. கரையோரத்தில் வங்காளிகள் கல்மி எனும் வள்ளைக்கீரை படர்கிறது. சேற்றில் நத்தை கிடைக்கிறது. இவை ஏழைகளின் உணவு. இவற்றுக்கு எந்தச் சந்தையிலும் விலைப்பலகை வைப்பதில்லை.

நீருக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. மேல்மட்டத்தில் கட்லா மேய்கிறது, நடுமட்டத்தில் ரோகு, அடிச்சேற்றில் மிருகால். இம்மூன்றும் பெருங்கெண்டைகள். இவற்றுக்கிடையே விரல் நீளம்கூட இல்லாத மௌரலா, பூட்டி போன்ற பொடிமீன்கள் கூட்டங்கூட்டமாகத் திரிகின்றன. பனையேறிக் கெண்டை, சிங்கி, மாகூர் ஆகியவை காற்றையும் நேரடியாகச் சுவாசிக்க வல்லவை. ஆகையால் கோடையில் நீர் வற்றிச் சேறான போதும் அவை பிழைத்துக் கிடக்கின்றன.

மேகமூட்டமான நாட்களில் விடியற்காலையில் பெருங்கெண்டைகள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து தவிப்பதைக் காணலாம். பகலில் நீர்த்தாவரங்கள் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களுடன் சேர்ந்து அதனை உட்கொள்கின்றன. கதிரவன் எழுவதற்குச் சற்று முன்னரே உயிர்வளி மிகக் குறைந்து நிற்கிறது. இந்த அறிவியலைப் படிக்காத வலைக்காரர் மூங்கிற்கழியால் நீரை அடித்துக் கலக்கிக் காற்றை உள்ளே புகுத்துகிறார். பாடநூல் கூறும் மருந்தும் அதுவே.

கரையில் நிற்பவர் யார்?

மீன்பிடிக் கருவியைப் பார்த்தாலே அதைப் பிடித்திருக்கும் கையின் வர்க்கத்தைப் பெரும்பாலும் கூறிவிடலாம்.

தூண்டில் சிறுவர்க்கும் முதியவர்க்கும் உரியது. மூங்கிற்குச்சி, நூல், தக்கை, முள், மண்புழு ஆகியவை போதும். ஊத்தா வேளாண் கூலியின் கருவி. வங்கத்தில் அதனைப் போலோ என்பர். அடியும் முடியும் திறந்த அந்த மூங்கிற்கூடையை ஆழமற்ற நீரில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு உள்ளே சிக்கிய மீனை எடுப்பது முறை. தமிழ்நாட்டு உழவர்க்கும் இது நன்கு தெரிந்ததே. வீச்சு வலை சிறு மீனவருடையது. குளத்தின் அகலம் முழுவதும் நீளும் இழுவலையோ தனியொருவரால் இழுக்க இயலாதது. மேற்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டு, இரு கரைகளிலும் ஆட்கள், நடுவே கழுத்தளவு நீரில் வலையை அழுத்திப் பிடிக்கும் சிலர் என ஒரு குழுவே வேண்டும். வலை ஒருவருடையது, குளம் வேறொருவருடையது, நீரில் நிற்கும் உடல் மூன்றாமவருடையது. மார்கழிக் குளிரில் விடியுமுன் நீரில் இறங்கும் அந்த மூன்றாமவருக்குக் கிடைப்பது கூலி, அல்லது மீனில் ஒரு சிறு பங்கு.

கட்டணம் செலுத்தி நாள் முழுவதும் தூண்டில் போடும் நகரத்தாரும் உண்டு. செவ்வெறும்பு முட்டையும் கடுகுப் புண்ணாக்கும் கலந்த இரையைத் தயாரிப்பதில் அவர்களுள் பலர் வல்லவர்கள். அவர்களது மகிழ்ச்சியைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டணக் குளத்தின் வேலிக்கு வெளியே நேற்றுவரை அங்கே தூண்டில் போட்ட ஊர்ச் சிறுவன் நிற்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

பிடித்த மீன் கரையிலிருந்து மொத்த விற்பனைக்கூடமாகிய ஆரத்துக்குச் செல்கிறது. ஆரத்தாரிடம் முன்பணம் வாங்கியவர் தமது மீனை வேறெங்கும் விற்க முடியாது. விலையை நிர்ணயிப்பவரே கடனையும் கணக்கிடுகிறார். மீன் தராசுக்கு வருமுன்னரே விற்கப்பட்டுவிட்டது.

நீந்தும் மீனைத் திருட முடியுமா?

1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் வங்கத்தின் வயலை மட்டுமன்றி நீரையும் ஜமீன்தாரின் கையில் ஒப்படைத்தது. மீன்பிடி உரிமைக்கு ஜல்கர் என்று பெயர். ஜமீன்தார் ஜல்கரைக் குத்தகைக்கு விட்டார். குத்தகைதாரர் உட்குத்தகைக்கு விட்டார். அடுக்கடுக்கான இந்த இடைத்தரகர்களின் சுமை முழுவதையும் தாங்கியவர் நீரில் நின்ற மீனவரே.

1880களில் இவ்வமைப்புக்கு ஒரு சட்டச் சிக்கல் நேர்ந்தது. திறந்த நீரில் கட்டின்றி நீந்தும் மீன் எவருடைய உடைமையிலும் இல்லை. எனவே அதைப் பிடிப்பது திருட்டாகாது என்று நீதிமன்றங்கள் கூறின. நாற்புறமும் கரை சூழ்ந்த, மீன் தப்ப இயலாத குளத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஆயினும் பரந்த நீர்நிலைகளின் உரிமையாளர்கள் அச்சமுற்றனர். அதன் விளைவாக 1889இல் வங்காளத் தனியார் மீன்பிடி நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அனுமதியின்றித் தனியார் நீரில் மீன் பிடிப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1897இன் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீனைக் கொல்வதைத் தடை செய்தது. அது நல்லதே. ஆனால் தனியார் நீரில் உரிமையாளரின் இசைவின்றி விதிகள் செல்லா என்பதையும் அதே சட்டம் ஏற்றுக்கொண்டது.

இந்த உரிமையின் மறுபக்கத்தை 1943ஆம் ஆண்டின் பஞ்சம் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிய காலனி அரசு, கடலோர வங்கத்தில் பல்லாயிரம் படகுகளைப் பறித்தும் அழித்தும் மீனவரின் தொழிலை முடக்கியிருந்தது. மீனவர் மீனை விற்று அரிசி வாங்குபவர். அரிசியின் விலை ஏறிய வேகத்தில் மீனின் விலை ஏறவில்லை. வேளாண் கூலிகளுடன் மீனவரே மிகக் கொடிய அழிவுக்கு உள்ளானோர் என்பதை அமர்த்தியா சென் தமது ஆய்வில் விளக்கியுள்ளார். உணவைப் பிடித்துத் தருபவரே உணவின்றி மடிந்தார். தொழில் தெரிந்திருந்தால் போதாது. விளைவின் மீது உரிமையும் வேண்டும் என்பதே அந்தப் பஞ்சம் எழுதிய பாடம்.

நிலத்துக்கு வரம்பு, குளத்துக்கு விலக்கு

விடுதலைக்குப் பின் 1953இல் மேற்கு வங்க ஜமீன் கையகப்படுத்தல் சட்டம் வந்தது. இடைத்தரகர் வைத்துக்கொள்ளக்கூடிய வேளாண் நிலத்துக்கு 25 ஏக்கர் என வரம்பு விதிக்கப்பட்டது. அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு, அவர்கள் வைத்துக்கொள்ளத்தக்கவற்றின் பட்டியலில் குளமீன்பிடி நீர்நிலைகளையும் சேர்த்தது. அவற்றுக்கு ஏக்கர் வரம்பு கூறப்படவில்லை. தோண்டப்பட்டதாயினும், இயற்கையாக அமைந்ததாயினும், கரை கட்டி நீர் தேக்கியதாயினும், மீனுக்குப் பயன்பட்டால் அது விலக்கு பெற்றது.

விளைவு விரைவில் வெளிப்பட்டது. 24 பர்கானாவின் தாழ்நிலங்களில் நெல்வயலுக்குள் உவர்நீரைப் புகவிட்டு, அதனை மீன்பண்ணை என்று காட்டி வரம்பைத் தப்பிய பெருநிலக்கிழார் பலர். உழுதவர் வயலையும் இழந்தார், வேலையையும் இழந்தார். மீன்பண்ணைக்கு நெல் வயல் அளவுக்கு ஆட்கள் தேவைப்படுவதில்லை.

இந்த ஓட்டையை அடைக்க 1981இல் மேற்கு வங்கச் சட்டமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தியது. நிலம் என்பதன் வரையறைக்குள் குளமும் மீன்பண்ணையும் தோப்பும் கொண்டுவரப்பட்டன. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1986இல்தான் கிடைத்தது. 1953க்கும் 1986க்கும் இடையே 33 ஆண்டுகள். ஒரு தலைமுறை முழுவதும் கை மாற்றிக்கொள்ளவும் பெயர் மாற்றி எழுதிக்கொள்ளவும் போதுமான காலம் அது. சட்டத்தில் ஓரிரு சொற்களை யார் சேர்த்தார்கள், எதற்காகச் சேர்த்தார்கள் என்று கவனிக்காத இயக்கம் பின்னர் பல ஆண்டுகள் அதற்காகப் போராட நேரும்.

சிறு குளங்களின் சிக்கல் இதிலிருந்து வேறுபட்டது. தாத்தா தோண்டிய குளத்துக்கு இன்று பேரன்மார் பன்னிருவர் பங்காளிகள். வயலில் வரப்பு கட்டிப் பிரித்துக்கொள்ளலாம். நீரில் வரப்பு கட்ட முடியாது. ஒருவர் தூர் வார விரும்பினால் மற்றவர் செலவில் பங்கேற்பதில்லை. ஒருவர் குஞ்சு விட்டால் எல்லோரும் பிடிக்கிறார்கள். இறுதியில் எவரும் விடுவதில்லை. ஆகாயத்தாமரை மூடுகிறது, குளம் சாகிறது. தனியுடைமை என்ற ஏற்பாடு தன் சொந்தத் தர்க்கத்தின்படியே தோற்கும் இடங்களுள் இதுவும் ஒன்று. இங்கே கூட்டு உழைப்பும் கூட்டு நிர்வாகமும் வெறும் கொள்கை முழக்கமல்ல. நீரின் இயல்பே அவற்றைக் கோருகிறது.

1957க்குப் பின்

பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. அவற்றுக்குப் பெருகி ஓடும் மழைக்கால நீர் வேண்டும். அதனால் பழங்காலத்தில் மீனவர் ஆற்று வெள்ளத்தில் முட்டைகளையும் குஞ்சுகளையும் சேகரித்து வந்து குளங்களில் விட்டனர். பாங்குரா, மேதினிபூர் மாவட்டங்களில் மழைநீர் பாய்ந்து வரும் அணைக்கட்டுக் குளங்களில் கெண்டைகளை இனப்பெருக்கம் செய்யவைக்கும் நுட்பத்தையும் வளர்த்திருந்தனர். அது ஆய்வுக்கூடத்துக்கு முந்திய அறிவு.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். இந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆற்றின் தயவை நம்பியிருந்த மீன்குஞ்சு இனி எந்த ஊரிலும் உற்பத்தியாகலாம் என்ற நிலை பிறந்தது. நைஹாட்டி, ராம்சாகர் போன்ற இடங்கள் மீன்குஞ்சுச் சந்தைகளாகப் புகழ் பெற்றன. அலுமினியப் பானையில் குஞ்சுகளைச் சுமந்து, தொடர்வண்டியில் அமர்ந்தபடி, நீரைக் கையால் இடைவிடாது தட்டிக்கொண்டே பயணம் செய்யும் வணிகரை வங்கத்தில் எவரும் அறிவர். கை ஓய்ந்தால் உயிர்வளி தீர்ந்து குஞ்சு மடியும்.

இது மாபெரும் முன்னேற்றம். நாட்டின் உள்நாட்டு மீன்வளம் இன்று அடைந்துள்ள உயரத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பே அடித்தளம். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை வரவேற்பது மார்க்சியரின் கடமை. ஆனால் அவ்வளர்ச்சி எந்த உற்பத்தி உறவுகளுக்குள் நிகழ்கிறது என்று வினவுவதும் அதே அளவு கடமை. குளத்து மீன் அதுவரை ஓரளவு இயற்கையின் கொடை. அதன்பின் அது முதலீட்டின் விளைபொருள். முதலீடு செய்தவர் வேலி போட்டார், காவல் வைத்தார். கல்மிக் கீரை பறிக்க வந்த பெண்ணும் அவர் கண்ணுக்கு மீன் திருடியாகத் தெரிந்தார்.

‘களைமீன்’

குஞ்சு விடுமுன் குளத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று வளர்ப்புக் கையேடுகள் கூறுகின்றன. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு. அதிலுள்ள நச்சுப்பொருள் குளத்தில் இருக்கும் எல்லா மீன்களையும் கொல்கிறது. சில வாரங்களில் நஞ்சு தணிந்து அதே புண்ணாக்கு உரமாகிவிடுகிறது. பிறகு கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் விடப்படுகின்றன. அவற்றுடன் அயல்நாட்டு வெள்ளிக்கெண்டை, புல்கெண்டை, சாதாக்கெண்டை ஆகியவையும் சேர்கின்றன. நல்ல பராமரிப்பில் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை காணலாம்.

புண்ணாக்கில் மடியும் மௌரலாவுக்கும் பூட்டிக்கும் அக்கையேடுகள் சூட்டியுள்ள பெயர் களைமீன்.

தோழர்கள் இச்சொல்லைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மௌரலாவைத் தலையோடும் முள்ளோடும் முழுதாக உண்கிறார்கள். வைட்டமின் ஏ சத்து மிகுந்த மீன் அது. அச்சத்து அதன் கண்ணிலும் குடற்பகுதியிலுமே செறிந்துள்ளது. முள் சுண்ணாம்புச் சத்தைத் தருகிறது. சிங்கியும் மாகூரும் நோயிலிருந்து மீள்வோருக்கு வங்கத் தாய்மார் வைக்கும் குழம்புக்குரிய மீன்கள். இவை விலைக்கு வாங்கப்படாமல், கையால் அள்ளப்பட்டு, நேரே அடுப்புக்குச் சென்றவை. சந்தைக்குச் செல்லும் மீன் பயிர் என்றும், ஏழையின் சட்டிக்குச் செல்லும் மீன் களை என்றும் பெயரிடப்பட்டுவிட்டன. பெயரிட்டவர் தீய எண்ணத்தோடு பெயரிட்டார் என்பதல்ல. எதை உற்பத்தியாகக் கணக்கிடுவது என்பதிலேயே ஒரு வர்க்கப் பார்வை புகுந்துவிட்டது. ரோகுவின் எடை புள்ளிவிவரத்தில் ஏறுகிறது. பெண்ணின் முறத்தில் குறைந்த பொடிமீன் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அண்டை நாடான வங்கதேசத்தில் பெருங்கெண்டையுடன் மௌரலாவையும் ஒரே குளத்தில் வளர்த்துப் பார்த்தனர். பெருமீன் விற்பனைக்கு, பொடிமீன் வீட்டுக்கு என்ற முறை அங்கே நிலைபெற்றுள்ளது. ஆக, பொடிமீனை அழிக்குமாறு அறிவியல் கட்டளையிடவில்லை. குறுகிய காலக் குத்தகையே அக்கட்டளையை இடுகிறது. ஓராண்டுக்கு மட்டும் குளத்தைப் பெற்றவர் தூர் வாரமாட்டார், கரையைக் காக்கமாட்டார், அடுத்த ஆண்டுக்கென எதையும் விட்டுவைக்கமாட்டார். அவரது கணக்கு அந்த ஓராண்டோடு முடிகிறது.

தூர்க்கப்படும் குளங்கள்

குத்தகையைவிடக் கொடிய பகை நிலவிலை. நகரத்தின் விளிம்பில் குளத்து மீனின் விலையைக் காட்டிலும் குளம் இருக்கும் மண்ணின் விலை பன்மடங்கு. முதலில் குப்பை கொட்டப்படுகிறது. நாற்றம் எழுந்ததும் ஊராரே முகம் சுளிக்கிறார்கள். பிறகு இரவில் மண்வண்டி வருகிறது. சில மாதங்களில் அங்கே அடுக்குமாடிக்கான அறிவிப்புப்பலகை நிற்கிறது.

தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1984இன் மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, ஐந்து கட்டா, அதாவது 0.035 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பரப்பைத் தூர்ப்பதைத் தடுக்கிறது. ஊர்க் குளங்களைப் பாதுகாக்க வேண்டும் என 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில், பஞ்சாப் சிற்றூர் ஒன்றின் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களை வெளியேற்ற ஆணையிட்டதோடு, நாடெங்கும் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஆணைகள் உள்ளன. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லும் அமைப்புகள்தாம் போதுமான அளவில் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கு. தாம் பணியாற்றும் பகுதியில் எத்தனை குளங்கள் உள்ளன, அவை எவர் பெயரில் உள்ளன, எவர் குத்தகை எடுத்துள்ளார், எத்தனை ஆண்டுகளுக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் எடுத்தவரின் பின்னே பணம் போட்டவர் யார் என்பவற்றைக் கிளைகள் எழுதி வைக்க வேண்டும். சங்கத்தின் பெயர் ஏழை மீனவருடையதாகவும், பணமும் மீனும் வணிகருடையதாகவும் இருக்கும் நிலை பல மாநிலங்களில் உண்டு. அதனை அம்பலப்படுத்தாமல் கூட்டுறவு பற்றிப் பேசுவது வீண்.

இரண்டாவது, குத்தகைக் காலம். அரசுக்கும் ஊராட்சிக்கும் உரிய குளங்கள், உண்மையில் நீரில் இறங்குவோரின் சங்கங்களுக்கு, தூர் வாரிப் பயன் காணப் போதுமான நீண்ட காலத்துக்கு வழங்கப்பட வேண்டும். ஏலத்தில் உயர்ந்த தொகை கேட்டவருக்கு என்ற முறை ஏழையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

மூன்றாவது, பெண்கள். வலை பின்னுவதும் மீனைத் தரம் பிரிப்பதும் தெருவில் சுமந்து விற்பதும் பெண்கள். சங்க உறுப்பினர் பட்டியலில் இருப்பதோ ஆண்கள். கீரைக்கும் நத்தைக்கும் பொடிமீனுக்கும் கரைக்கு வரும் பெண்ணின் உரிமை, குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும்.

நான்காவது, பங்காளிகளின் குளங்கள். அவற்றைக் கூட்டாக நிர்வகிக்கப் பங்காளிகளை ஒன்றுசேர்ப்பது சிறு வேலையாகத் தோன்றலாம். ஒரு கோடையில் ஒரு குளத்தைத் தூர் வாரி, வரும் விளைவைக் கணக்குக் காட்டிப் பங்கிட்டுக் கொடுத்த கிளை, அந்த ஊரில் பத்துக் கூட்டம் போட்ட கிளையைவிட ஆழமாக வேரூன்றும்.

தோழர்களே! பெரும் அணைகளையும் துறைமுகங்களையும் பற்றிய போராட்டங்கள் தேவை. ஆனால் பெரும்பாலான உழைப்பாளி மக்கள் நீரை முதன்முதலில் சந்திப்பது தம் வீட்டுக்குப் பின்னாலுள்ள குளத்தில்தான். உரிமை என்றால் என்ன, விலக்கு என்றால் என்ன, தமக்கு மட்டும் ஏன் வேலி என்பதை அவர்கள் கற்றுக்கொள்வதும் அங்கேயே. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு தோழரும் ஒரு விடியற்காலையில் தம் பகுதிக் குளக்கரைக்குச் சென்று, வலை இழுப்பவரிடம் அன்றைய கூலி என்ன, அக்குளம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு வரட்டும். அவர்கள் கொண்டுவரும் விடைகளிலிருந்தே அடுத்த வகுப்பு தொடங்க வேண்டும்.